மரத்தரை வெடிக்கும் மத்தியானங்கள்

சாத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் தரை முழுவதும் தேக்குப் பலகை. வீட்டுக்காரரின் மகன் சில வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்தது மாதிரி இங்கேயும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, சிமெண்டுத் தளத்தின் மேல் வரிசையாக மரச்சட்டம் பரப்பி, அதன் மேல் நீளநீளமான பலகைகளை ஆணி வைத்து இறக்கியிருந்தார். பிறகு அவரும் மனைவியும் தொழில் விஷயமாகச் சென்னைக்குக் குடிபோக வேண்டியிருந்தது. வீட்டைப் பூட்டிப் போட அவர்களுக்கு மனமில்லை. என் கணவர் போர்மேனாக வேலை பார்க்கும் பட்டாசு ஆலையின் முதலாளிக்கு அவர்கள் உறவு. "போர்மேன் அமைதியான ஆளு, ஒத்தப் பிள்ளையும் மதுரை ஹாஸ்டல்ல படிக்கு, வீடு கெடாது" என்று யாரோ சொல்லப்போய் அந்த வீடு எங்களுக்குக் கிடைத்தது.

சாவியைக் கொடுத்த அன்று அந்த மகனின் மனைவி, எங்கள் வீட்டம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, வேற எதுவும் நான் கேக்கல. தரையில தண்ணி மட்டும் ஊத்திறாதீக."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அதுவரை நான் இருந்ததெல்லாம் சிமெண்டுத் தரையும் மொசைக் தரையும்தான். வெள்ளிக்கிழமை என்றால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் பரபரவென்று தேய்த்து வாசல் வழியாகத் தள்ளினால்தான் எனக்கு வீடு சுத்தமான மாதிரி இருக்கும். இங்கே ஒரு டம்ளர் கவிழ்ந்தாலும் ஓடிப்போய்த் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சோப்பு கூடாது, பினாயில் கூடாது, சோடா உப்பு கூடவே கூடாது. காலையில் பூந்துடைப்பத்தால் மணல் இல்லாமல் பெருக்க வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் மண் உண்டு. அது பலகையில் கிடந்து காலில் அரைபட்டால் கீறல் விழும். பெருக்கிய பிறகு, பிழிந்து பிழிந்து கை வலிக்கிற அளவுக்குப் பிழிந்த துணியால் பலகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் இடுக்கில் ஈரம் இறங்கிவிடும்.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். என் தையல் மிஷினின் இரும்புக் கால்கள் அந்தத் தரையில் நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் படபடவென்று வரும். பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். அளவு கொடுக்க வருகிற பெண்களை வாசலிலேயே கால் துடைக்கச் சொன்னேன். கால் துடைத்தவர்களையும் மறுபடி ஒருமுறை துடைக்கச் சொன்னேன். கீழ்வீட்டு அக்கா ஒருமுறை துவைத்த துணியோடு ஏறி வந்தபோது, சொட்டுகிறதே என்று பதறி நான் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வாசற்படியைத் தாண்டுவதே இல்லை. எது கேட்டாலும் வெளியே நின்றுதான்.

வீட்டம்மா மாதத்துக்கு ஒருமுறை வீடியோ காலில் வருவார். குசலம் விசாரிப்பார். பிறகு மெல்ல, "அப்படியே செல்லைக் கீழ கொஞ்சம் காட்டுங்களேன்" என்பார். நான் சன்னலோரப் பலகையிலிருந்து சமையல்கட்டு வாசல்வரை நடந்து நடந்து காட்டுவேன். ஒரு கறுத்த புள்ளி தெரிந்தால், "அது என்னக்கா?" என்று கேட்பார். மரத்தின் கணுவாகத்தான் இருக்கும். ஆனாலும் போனை வைத்த பிறகு குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

என் கணவரைத் தரை விஷயத்தில் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வது. பயர் ஆபீசில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், எதையும் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, போடக் கூடாது. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே பழகியவர் வீட்டிலும் அப்படித்தான். நாற்காலியை இழுக்க மாட்டார், தூக்கி வைப்பார். சாயங்காலம் வந்தால் கீழே குழாயடியில் கணுக்கால்வரை தேய்த்துக் கழுவி, துண்டால் விரலிடுக்கெல்லாம் துடைத்த பிறகுதான் படியேறுவார். குடிவந்த புதிதில் ஒருநாள் அப்படியும் பட்டாசில் கலக்கும் அலுமினியப் பொடி ஒட்டி வந்து, பலகையில் வெள்ளி வெள்ளியாக இரண்டு பாதம் பதிந்திருந்தது. அவரே துணியை வாங்கித் துடைத்தார்.

வருடத்துக்கு இரண்டு தடவை தரைக்கு எண்ணெயும் மெழுகும் போட வேண்டும். பெயிண்ட் கடையில் ஆளிவிதை எண்ணெய் கிடைக்கும். முதல் தடவை போட்டு முடித்துவிட்டு, எண்ணெயில் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் ஒரு வாளிக்குள் போட்டிருந்தேன். வேலை முடிந்து வந்தவர் அதைப் பார்த்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு துணியாக விரித்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணெத் துணியை இப்படிச் சுருட்டிப் போடாத. உள்ளுக்குள்ள தானாச் சூடேறும். தீப்பிடிச்சிரும்."

"துணியா? பக்கத்துல அடுப்புகூட இல்லியே."

"அடுப்பு எதுக்கு? எங்க ஆபீஸ்ல ஈர வெடிமருந்து மிச்சம் கெடந்தா என்னாகும்? அதே மாதிரிதான்."

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. மெழுகு போடுகிற நாட்களில் வீட்டில் எந்தத் துணி எங்கே கிடக்கிறது என்று நாலைந்து முறை எண்ணிப் பார்ப்பேன்.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் தரை சத்தம் போட ஆரம்பித்தது. மத்தியானம் தைத்துக்கொண்டிருக்கும்போது, காலுக்கடியில் திடீரென்று டப் என்று ஒரு வெடிப்பு. முதல் நாள் நான் மிஷினை விட்டு எழுந்து ஓடினேன். பலகை பிளந்துவிட்டது, வீட்டம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று மண்டியிட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கேயும் விரிசல் இல்லை. போனில் சொன்னபோது வீட்டம்மா சிரித்தார். வெயிலுக்கு மரம் காய்ந்து சுருங்குகிறதாம், அப்போது ஆணியிலிருந்து விடுபட்டுச் சத்தம் வருமாம். அவர்கள் இருந்தபோது அந்த அறைகளில் எந்நேரமும் ஏசி ஓடியதால் இவ்வளவு வராதாம். என் கணவரிடம் சொன்னபோது, "பரவால்ல, நம்ம வீட்டுக்குள்ளயே ஓலை வெடி" என்றார். நானும் சிரித்தேன். அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது சத்தம் வந்தால், "இது நம்ம கம்பெனிச் சரக்கு இல்ல, சத்தம் பத்தாது" என்பார்.

சித்திரையில் ஒருநாள், உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால், நான் முட்டி போட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கைக்கு அடியில் பலகை அதிர்ந்தது. நீளமாக, ஏதோ கனத்த லாரி வீட்டுக்குள்ளேயே போகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. சன்னல் கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆடின.

எங்கள் ஊரில் இப்படியொரு சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை. எல்லோரும் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்ப் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்றுதான் பார்ப்பார்கள். நானும் மேலே ஓடினேன். அவருடைய ஆபீஸ் இருக்கும் திசையில் புகை வெள்ளையாக எழும்பிக் கறுப்பாக மாறிக்கொண்டிருந்தது.

அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அழுத்தினேன். கீழே இறங்கி வீட்டுக்குள் வந்தபோது வாசலில் கீழ்வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகள் அதே ஆபீசில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். துவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலெல்லாம் சோப்பு நுரை.

"தங்கச்சி, எதும் தெரிஞ்சுதா? தம்பி பேசுச்சா?"

"இல்லக்கா. மணி போகுது, எடுக்கல."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தன் பாதங்களைப் பார்த்துவிட்டு, "கால் ஈரமா இருக்கு" என்றார்.

நான் அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்து நடுஹாலில் உட்கார வைத்தேன். அவர் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் பரவியது. இரண்டு பேரும் அதில்தான் உட்கார்ந்திருந்தோம். போனில் வாட்ஸ்அப் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றில் ஒரு ஆலையின் பெயர், இன்னொன்றில் வேறொரு ஆலையின் பெயர், மூன்றாவதில் எங்கள் ஆபீசின் பெயர். அந்தக் குரல் பதிவை அக்கா மறுபடி போடச் சொன்னார். போட்டேன். பேசியவன் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. மதுரையிலிருந்து மகள் அழைத்தாள். அப்பா நல்லா இருக்காரு என்று பொய் சொல்லி வைத்தேன்.

வெகுநேரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான்தான். நல்லாருக்கேன். நம்ம ஆபீஸ் இல்ல, பக்கத்து ஆபீஸ். கீழ்வீட்டுப் பாப்பாவும் நல்லாருக்கு, பஸ் ஏத்திவிட்டாச்சு. நான் வர நேரமாகும்."

"நீங்க எங்கன இருக்கீக?"

அதற்குள் போனை வைத்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார். போட்டுப்போன சட்டையும் இல்லை, பேண்டும் இல்லை. யாருடையதோ ஒரு கைலியும் பனியனும். குழாயடியில் கால் கழுவத் தொடங்கினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் இறங்கிப் போய்க் குழாயை மூடினேன். "போதும், மேல வாங்க" என்றேன். வெடித்த ஆலை இவர்கள் ஆலைக்கு இரண்டு புன்செய்க் காடு தள்ளி இருந்தது. சத்தம் கேட்டதும் இவரும் இன்னும் சில ஆண்களும் அங்கே ஓடியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் ஆட்களைத் தூக்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் மறுநாள் ஊரில் மற்றவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

ஆய்வு முடியும்வரை சுற்றுவட்டாரத்து ஆலைகளையெல்லாம் மூடச் சொல்லிவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து, ஞாயிறும் பொங்கலும் தவிர மத்தியான நேரத்தில் வீட்டில் இருந்தறியாத மனிதர், அந்தக் கோடை முழுக்க வீட்டில் இருக்கும்படி ஆனது.

முதல் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ரசம் ஊற்றக் குனிந்தேன். சன்னலோரம் டப் என்று பலகை வெடித்தது. அடுத்த நொடி தட்டு கவிழ்ந்து கிடந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தார். வெயிலில் நின்றோம். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. என் கையில் அவருடைய விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"தரைங்க" என்றேன். "நம்ம தரைதான்."

அவர் தலையசைத்தார். திரும்பி மேலே போய், பலகையில் வழிந்திருந்த ரசத்தைப் பார்த்ததும், "கறை பிடிச்சிருமே" என்று தன் துண்டாலேயே ஒற்ற ஆரம்பித்தார். கை நடுங்கியது.

அதற்குப் பிறகு மத்தியானம் என்றாலே எனக்குக் கலக்கம்தான். காலையில் ஒரு சத்தமும் இருக்காது. மேற்குச் சன்னல் வழியாக வெயில் இறங்க இறங்க ஒவ்வொரு பலகையாக ஆரம்பிக்கும். எப்போது, எங்கே என்று சொல்ல முடியாது. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருப்பார், பக்கம் திரும்பாது. சத்தம் வந்ததும் எழுந்து வெளியே போய் மாடிப்படியின் தலைப்பில் உட்கார்ந்துகொள்வார். அங்கே நிழலே கிடையாது. தெருவில் போகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, வெயில்ல உக்காந்துருக்கீக?" என்று கேட்டால், "சும்மா, காத்தாட" என்பார்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். சன்னலுக்குக் கனத்த துணி தைத்துத் தொங்கவிட்டேன். காற்றில் ஈரம் இருந்தால் மரம் அவ்வளவு சுருங்காது என்று வீட்டம்மா சொன்னதால், மூலைக்கு மூலை அகலமான மண்சட்டிகளில் தண்ணீர் வைத்தேன். சட்டிக்கு அடியில் ஈரம் கசியுமோ என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எவர்சில்வர் தட்டு வைத்தேன். ஈரத்துணியைக் கொடி கட்டிக் காயப் போட்டேன். சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்தது இன்னும் மோசம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டு, அந்த இடைவெளி முழுக்க அவர் தோள்கள் இறுகியே இருந்தன. என் தோளும்தான்.

"வேற வீடு பாப்பமா?" என்று கேட்டேன். "டைல்ஸ் போட்ட வீடு கெடைக்கும்."

"டைல்ஸ் போட்ட வீட்ல குக்கர் விசில் அடிக்காதா? கல்யாண வீட்ல வெடி போட மாட்டானா? எங்கன போனாலும் இதான்."

கடைசியில் வீட்டம்மாவுக்கு நானே போன் போட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பலகைகளைத் திருகாணி போட்டு இறுக்கிப் பார்க்கலாமா, தரையில் ஆணித் தலை தெரியும், கேட்காமல் செய்ய மனசு வரவில்லை என்றேன். அந்தத் தரை மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஆசாரியக் கூப்பிட்டுப் பாருங்கக்கா. நடுஹால்ல மட்டும் ரொம்பத் தெரியாமப் பண்ணச் சொல்லுங்க" என்றார். பிறகு, "அண்ணனுக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆசாரி வந்தார். கதவு, சன்னல், கட்டில் எல்லாம் செய்கிறவர். தரைப் பலகை வேலை தனக்கும் புதுசுதான் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். குந்தி உட்கார்ந்து அங்கங்கே தட்டிப் பார்த்தார். அடியில் சட்டத்தில் அடித்த ஆணி சில இடங்களில் தளர்ந்திருக்கும், மரம் அசையும்போது அதுதான் உரசுகிறது, அந்த இடம் மட்டும் தெரிந்தால் போதும் என்றார்.

"எங்கனருந்து சத்தம் வருதும்மா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லா இடத்திலிருந்தும் வருகிற மாதிரிதான் எனக்கு இருந்தது. அப்போது வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் கணவர் திரும்பாமலேயே பேசினார்.

"சன்னல்லருந்து மூணாவது பலகை, நடுவுல. தையல் மிஷினுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு. சமையக்கட்டு வாசல்ல ஒண்ணு, அது சின்னச் சத்தம். இன்னும் இருக்கு."

ஆசாரி என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"அண்ணாச்சி, நீங்களே குறி போட்டு வைங்க. நான் ஒரு வாரங் கழிச்சு வாரேன். சுத்தியல் எடுக்க மாட்டேன், பயப்படாதீக. எல்லாம் கைத் திருப்புளிதான்."

மறுநாள் மத்தியானம் என் கணவர் உள்ளே வந்தார். நடுஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் சாக்பீஸ். நானும் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார், சத்தம் சரியாகக் கேட்க வேண்டும் என்று. வேர்த்துக் கொட்டியது. வெயில் திரைச்சீலையின் ஓரத்தில் கோடாக இறங்கியது.

டப் என்றது. அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அசையாமல் இருந்தேன். கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பி வந்து, குனிந்து, சத்தம் வந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். வட்டம் கோணல்மாணலாக இருந்தது.

அன்று இன்னும் சில தடவை அப்படி எழுந்து போனார். சில தடவை எழ முயன்று முழங்கால்வரை வந்து நின்றுவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். சத்தம் வரும்போது அவர் உடம்பு துள்ளும். ஆனால் துள்ளிய பிறகு, "இது பழையதுதான்" என்பார், இல்லையென்றால் நகர்ந்து போய்ப் புது வட்டம் போடுவார். ஒருநாள் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. "என்ன இன்னைக்கு இவனுக்கு?" என்று முணுமுணுத்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனாலும் அதை வெளியே காட்டவில்லை, காட்டினால் கலைந்துவிடுமோ என்ற பயம்.

ஆசாரி வந்து ஒவ்வொரு வட்டத்திலும் கைத்துளைப்பானால் துளைபோட்டுத் திருகாணி இறக்கினார். தலைகளை உள்ளே அமுக்கி மேலே மரத்தூளும் பசையும் வைத்து மூடினார். போகும்போது, பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி உள்ளே இறக்கினால் ஒன்றோடொன்று உரசாது என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பதாகவும், செய்து பாருங்கள் என்றும் சொன்னார்.

என் கணவர் மகளிடம் போனில் பேச வெளியே போயிருந்த நேரம் பார்த்து அதைச் செய்ய உட்கார்ந்தேன். இடுக்கு நெடுகப் பவுடரைக் கொட்டிப் பெயிண்ட் பிரஷ்ஷால் பரபரவென்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்பியது.

"நிறுத்து."

வாசலில் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் பிரஷ்ஷைக் கீழே போட்டேன், அது தட்டென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நான்தான் பதறினேன். எழுந்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிடலாம் என்று துணியைத் தேடினேன்.

"முகப் பவுடர்தாங்க, ஆசாரி சொன்னாருல்ல" என்றேன்.

"தெரியுது. வாசம் வருது."

பிறகு உள்ளே வந்து என் எதிரில் குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். "இப்படிப் பறக்கவிட்டுத் தள்ளக் கூடாது" என்றார். பவுடரை ஒரு காகிதத்தில் கொஞ்சமாக எடுத்து, இடுக்கின் மேல் காகிதத்தைச் சாய்த்து, விரலால் மெல்லத் தட்டித் தட்டி இறக்கினார். பிரஷ் பலகையைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு துகள்கூட எழும்பவில்லை. அவர் ஆபீசில் வேலை செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளே யாரையும் விட மாட்டார்கள். அன்றுதான் பார்த்தேன். அத்தனை நாள் சாப்பாட்டுத் தட்டில்கூட நடுங்கிய கை, அந்த வெள்ளைப் பொடியின் மேல் நடுங்கவே இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து தரைக்கு மெழுகு போட்டோம். அவர் ஒரு மூலையிலிருந்து, நான் எதிர் மூலையிலிருந்து. துணியில் கொஞ்சம் மெழுகு தொட்டுத் தேய்த்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும். முகம் தரையைப் பார்த்தபடியே இருக்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அப்படி இருக்கும்போதுதான் அவர் பேசினார்.

"ஒரு பொம்பளையத் தூக்குனேன். செருப்பு எங்க, செருப்பு எங்கன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார்.

"ரூமுக்கு வெளிய கழட்டிப் போட்டுருப்பாகள்ல, அது. வண்டில ஏத்துற வரைக்கும் அதத்தான் கேட்டுச்சு. ஏத்திட்டுத் திரும்பப் போய்த் தேடுனேன். அம்புட்டு செருப்பு கெடந்துச்சு. எது அதோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன். போலீஸ்காரர் வந்து கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தாரு."

நான் துணியில் இன்னும் கொஞ்சம் மெழுகு தொட்டுக்கொண்டு ஒரு பலகை பின்னால் நகர்ந்தேன்.

"அந்தப் பொம்பள இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியல. கேக்கப் பயமா இருக்கு" என்றார். பிறகு, "அந்தப் பக்கம் இன்னும் காயல, மிதிச்சிராத" என்றார்.

நான் கேட்டேன். கீழ்வீட்டு அக்காவின் மகள் மூலமாக விசாரித்ததில், அந்தப் பெண்ணுக்குத் தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களில் வராமலே போனவர்களும் உண்டு. இதை என் கணவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

பழம் வாங்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் அவர் முன்கம்பியை இறுகப் பிடித்தபடி வந்தார். திரும்பிவிடலாம் என்று சொல்வாரோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் அவரைப் பார்த்தேன். அந்த அம்மா வாசலில் வேப்பமர நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை முழுக்கக் கட்டு. கழுத்தில் தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக இருந்தது. எங்களைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

"நீங்க யாருன்னு தெரியலியே."

என் கணவர் வாயைத் திறந்தார்.

"பக்கத்து ஆபீஸ்" என்றார். "பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

"நல்லது. உக்காருங்க. காப்பி குடிக்கிறீகளா?"

குடித்தோம். அந்த அம்மா மகன் கல்லூரியில் சேர்ந்ததைப் பற்றிப் பேசினார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். இரவில் அரிப்பு தாங்கவில்லை என்றார். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டார். கிளம்பும்போது அந்த அம்மா ஒற்றைக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார். என் கணவரும் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சன்னலோரம் கொடுத்துவிட்டு, ஊர் வரும்வரை என்னைத் தாண்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சாத்தூர் பாலம் தாண்டும்போது, "ஆபீஸ் தொறக்கப் போறாகளாம். வாரச் சொல்லிருக்காக" என்றார்.

போகாதீக என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வேறு வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம், நான் இன்னும் நாலு பிளவுஸ் கூடத் தைக்கிறேன் என்று எத்தனையோ வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கோடை முழுக்க இல்லாத ஏதோ ஒன்று அதில் திரும்பியிருந்தது. அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

"என்னைக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"திங்கக்கெழம."

கண்டக்டர் விசில் ஊதினார். என் கணவரின் தோள் லேசாகத் துள்ளியது. பிறகு எழுந்து, எனக்கு இறங்க வழிவிட்டு நின்றார்.